மலாக்காக் கோட்டைக்கு ஒரு நாள்: சிங்கப்பூரிலிருந்து முதல் தடவை போகிறவர்களுக்கு

கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி மதில்களைத் தேடிப் போகாதீர்கள். போர்த்துகீசியர் கட்டியதில் இன்று முழுசாக நிற்பது ஒரே ஒரு வாசல். அதனால் எந்த வரிசையில் நடக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

முதலில் பயணம். குவீன் ஸ்திரீட்டில் 170 பஸ் ஏறி ஜொகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையம், அங்கிருந்து வேறு பஸ்ஸில் மலாக்கா சென்ட்ரல் நிலையம், அப்புறம் கிராப் வாடகைக் கார். சனிக்கிழமை என்றால் விடிவதற்குள் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டிவிடுங்கள். திரும்பும் பஸ்ஸுக்கு இறங்கியவுடனே டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது.

அடுத்து, மிஞ்சி நிற்கும் அந்த ஒரே வாசல், சாந்தியாகோ வாசல். போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தது 1511இல். ஆனால் வளைவுக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் 1670 என்று இருக்கும். 1641இல் கோட்டையைப் பறித்த டச்சுக்காரர்கள், பழுதுபார்த்துத் தங்கள் கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரையோடு பொறித்த ஆண்டு அது. செம்புரைக்கல்லைத் தொட்டுப் பாருங்கள், கறையான் அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். இந்தக் கல்லால் எழுப்பிய கோட்டையைத்தான் ஆங்கிலேயர் 1807இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடிக்கும் வேலையை நடத்தியவர் ஆங்கிலேய அதிகாரி ஃபார்க்குவார். மிச்சத்தை விட்டுவைக்கச் சொன்னவர் ராஃபிள்ஸ் என்பார்கள். 1819இல் நம் ஊரில் வந்து இறங்கிய அதே இருவர்தான்!

வாசலுக்குப் பின்னாலேயே செயின்ட் பால் குன்றுக்குப் படிகள். நான் உச்சி வெயிலில் ஏறிப் பாதியில் உட்கார்ந்துவிட்டேன்; நீங்கள் காலையிலேயே ஏறுங்கள். மேலே, கூரையில்லாத தேவாலயத்தின் சுவரில் ஆளுயர டச்சுக் கல்லறைக் கற்கள் சாய்ந்து நிற்கின்றன. அங்கிருந்து கடலைத் தேடுங்கள். ஒரு காலத்தில் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது. மண் கொட்டித் தூர்த்ததில் தள்ளிப் போய்விட்டது.

அந்தப் பக்கம் இறங்கினால் சிவப்புக் கட்டடங்கள். படம் எடுத்துக்கொண்டு நகருங்கள், கூட்டம் தாங்காது.

ஆற்றுப் பாலத்தைக் கடந்து துக்காங் எமாஸ் தெருவுக்கு வாருங்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான். மலாக்காச் செட்டிகளின், அதாவது பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களின், பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் எழுந்தது. சில அடி தள்ளி, இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் கட்டிய பள்ளிவாசல். அதன் மினாரா சீனக் கோபுரம் போல இருக்கும். கோயிலில் ஒரு பெரியவரிடம், “ஐயா, எந்த ஊர்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு மலாயில் பதில் சொன்னார். செட்டிகளின் வீட்டுமொழி பல தலைமுறைகளாக அதுதான். நெற்றியில் திருநீறு மட்டும் பளிச்சென்று இருந்தது.