பாய்மரப் படகுப் பந்தயம்: முதல் பந்தயத்திற்குத் தயாராவது எப்படி?

பாய்மரப் படகுப் பந்தயத்தைக் கரையிலிருந்து முதன்முறை பார்ப்பவருக்கு, படகுகள் ஆளுக்கொரு திசையில் போவது குழப்பமாகவே இருக்கும். காற்று எங்கிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் படகுகள் சுற்றிவர வேண்டிய முதல் மிதவையைப் போடுவார்கள். பாய்மரப் படகாலோ காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. காற்றுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வில் ஒரு பக்கம் சென்று, திரும்பி மறுபக்கம் சென்று, வளைந்து வளைந்துதான் மேலே ஏற வேண்டும். எங்கே திரும்புவது என்பதை ஒவ்வொருவரும் தாமாகவே முடிவு செய்கிறார்கள். பந்தயத்தின் பெரும்பகுதி அந்த முடிவுகளில்தான் அடங்கியிருக்கிறது.

முதல் படி: படகைத் தேர்ந்தெடுத்தல்

15 வயது வரையுள்ள சிறுவர்களுக்கு ஆப்டிமிஸ்ட் என்னும் சிறு படகு ஏற்றது. பெரியவர்கள் முன்பு லேசர் என்று அழைக்கப்பட்ட இல்கா படகில் தொடங்கலாம். சுமார் 4.2 மீட்டர் நீளமுள்ள இதில் பந்தயத்தின்போது ஒருவர் மட்டுமே செல்வார். ஒரே படகுக்கு மூன்று அளவுகளில் பாய் உண்டு என்பதால், ஓட்டுபவரின் உடல் எடைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒலிம்பிக்கில் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனையான சென்னையின் நேத்ரா குமணன், டோக்கியோவில் ஓட்டியது இந்த வகையின் நடுத்தரப் பாயைத்தான். சொந்தமாகப் படகு வாங்க அவசரப்பட வேண்டாம். சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. முதலில் அங்கே விசாரியுங்கள்.

இரண்டாம் படி: கவிழ்ந்து நிமிரப் பழகுதல்

மிதவை அங்கியை அணிந்துகொண்டு, அமைதியான நீரில் படகை நீங்களே கவிழ்த்துப் பாருங்கள். பாயை இழுக்கும் கயிற்றைத் தளர்த்திவிட்டு, படகின் அடிப்பக்கமாகச் சுற்றி நீந்தி வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின் மேல் ஏறி நின்று உடல் எடையைக் கொடுத்தால் படகு மெல்ல நிமிரும். கயிற்றைத் தளர்த்த மறந்தால், நிமிர்ந்த வேகத்தில் பாயில் காற்று நிறைந்து மறுபக்கம் கவிழ்ந்துவிடும். இதைச் சலிக்கும் வரை செய்து பழகிவிட்டால், கடலில் பாதி அச்சம் போய்விடும்.

மூன்றாம் படி: இரண்டு திருப்பங்கள்

படகின் முன்பகுதி காற்றைக் கடந்து திரும்புவதை டாக் என்றும், பின்பகுதி காற்றைக் கடந்து திரும்புவதை ஜைப் என்றும் சொல்வார்கள். டாக் செய்யும்போது பாய் படபடத்து, பூம் என்னும் கீழ்க்கட்டை நிதானமாக மறுபக்கம் வரும்; ஜைப்பிலோ அதே கட்டை ஒரே வீச்சில் வந்து தலையைத் தாக்கக்கூடும் என்பதால் குனிவதில் தாமதம் கூடாது. பாயில் ஒட்டியிருக்கும் சிறு நூல் துண்டுகளைக் கவனியுங்கள். இரு பக்கத்து நூல்களும் பின்னோக்கி நேராகப் பறந்தால், பாய் சரியான அளவில் இழுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

நான்காம் படி: தொடக்கத்தின் ஐந்து நிமிடங்கள்

புதியவர்கள் அதிகம் தோற்பது இங்கேதான். நடுவர் படகிற்கும் ஒரு மிதவைக்கும் இடையிலுள்ள கற்பனைக் கோடுதான் தொடக்கக் கோடு. ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி, அதாவது உங்கள் படகு வகைக்கான கொடி, ஏறும். நான்கு நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி ஏறும். ஒரு நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி நீண்ட ஒலியுடன் இறங்கும். வகுப்புக் கொடி இறங்கும் கணமே தொடக்கம். கடிகாரத்தைக் கொடியைப் பார்த்தே இயக்குங்கள். விதிப்படி ஒலியைவிடக் கொடியே கணக்கு.

இடையில் ஒருமுறை கோட்டின் நடுவே சென்று, பாய் படகின் நடுவில் படபடக்கும்படி முகப்பைக் காற்றுக்கு நேராக நிறுத்திப் பாருங்கள். முகப்பு கோட்டின் எந்த முனையின் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அந்த முனை காற்றுக்கு நெருக்கமானது. அங்கிருந்து புறப்படுபவருக்குத் தூரம் குறைவு.

என் முதல் பந்தயத்தில் நான் கோட்டை ஒட்டி, பாயைத் தளரவிட்டு நல்ல பிள்ளையாகக் காத்திருந்தேன். கொடி இறங்கிய பிறகுதான் கயிற்றை இழுத்தேன். படகு வேகம் பிடிப்பதற்குள் மற்றவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய பாய்களைத் தாண்டி வந்த கலங்கிய காற்றில் என் படகு தள்ளாடியது. கொடி இறங்கும்போது நீங்கள் கோட்டில் இருந்தால் போதாது, முழு வேகத்திலும் இருக்க வேண்டும். அதற்காக முந்திவிட்டாலோ, கோட்டுக்குப் பின்னால் முழுமையாகத் திரும்பி வந்து மறுபடி புறப்பட வேண்டும்.

ஐந்தாம் படி: யார் வழிவிட வேண்டும்?

விதிப் புத்தகம் பெரியது; முதல் பந்தயத்திற்கு மூன்று விதிகள் போதும். வலப்பக்கத்தில் காற்றை வாங்கும் படகிற்கு, இடப்பக்கத்தில் வாங்கும் படகு வழிவிட வேண்டும், நீங்கள் இடப்பக்கத்தில் காற்றை வாங்கும்போது எதிரே "ஸ்டார்போர்ட்!" (வலப்பக்கம்) என்று குரல் கேட்டால், அது உங்களைத்தான். இருவருக்கும் ஒரே பக்கத்தில் காற்று என்றால், அருகருகே செல்லும்போது காற்று வரும் பக்கத்திலுள்ளவர் விலக வேண்டும். முன்பின்னாகச் செல்லும்போது பின்னால் வருபவர் விலக வேண்டும். தவறு செய்துவிட்டால், பொதுவாக உடனே ஒதுங்கி இரண்டு முழுச் சுற்று சுற்றித் தண்டனையைத் தீர்த்துக்கொள்ளலாம். மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று போதும்.

ஆறாம் படி: மேலே ஏறுதலும் புள்ளியும்

காற்று ஒரே திசையில் நிற்பதில்லை. அது திசை மாறி, உங்கள் முகப்பை மிதவையிலிருந்து விலக்கத் தொடங்கினால் டாக் செய்யுங்கள். மிதவையை நோக்கித் திருப்பினால் அப்படியே தொடருங்கள்.

புள்ளிக் கணக்கில் குறைவே சிறப்பு: முதலிடத்திற்கு 1, இரண்டாமிடத்திற்கு 2. போட்டித் தொடரில் 20 படகுகள் பதிவாகியிருந்தால், பந்தயத்தை முடிக்காதவருக்கு வழக்கமாக 21 கிடைக்கும். ஆகவே எவ்வளவு பின்தங்கினாலும், நேர வரம்பு இருக்கும்வரை இறுதிக் கோட்டைத் தாண்டிவிட்டே கரைக்குத் திரும்புங்கள்.