செக் நாட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

காவல்துறைப் பதிவு, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, டிராம் பாஸ் எல்லாவற்றையும் உங்கள் நிறுவனமோ பல்கலைக்கழகமோ சொல்லிக் கொடுத்துவிடும். இந்த நாட்டுக்காரர்கள் யாரைக் கொண்டாடுகிறார்கள், யாருக்கு நடந்ததை நினைத்து இன்றும் குமுறுகிறார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அது தெரியாமல் பத்து வருடம்கூட இங்கே ஓட்டிவிடலாம், பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் அலுவலகத்துச் சாப்பாட்டு மேசையில் கடைசிவரை வேற்றாளாகவே இருப்பீர்கள்.

முதலில் நாட்டின் பெயர். செக்கோஸ்லோவாக்கியா 1918 அக்டோபர் 28இல் பிறந்தது. 1993 ஜனவரி 1 முதல் செக், ஸ்லோவாக்கியா என்று இரண்டாகிவிட்டது. திருவெறும்பூர் பெல் ஆலை அறுபதுகளில் அவர்களுடைய தொழில்நுட்ப உதவியோடு வந்தது என்பதால், திருச்சிப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் பழைய பெயரையே சொல்வார்கள். அவர்கள் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். அணியில் ஸ்லோவாக்கியர் இருந்தால் அவரை ‘செக்காரர்’ என்று சேர்த்துப் பேசுவதும் வேண்டாம். 1968இன் சீர்திருத்தத் தலைவர் டுப்செக் அவர்கள் மண்ணில் பிறந்தவர்.

பணப்பையைத் திறந்தால் 200 கொருனாத் தாளில் தாடிக்காரர் ஒருவர் இருப்பார். கொமென்ஸ்கி. குழந்தைகளுக்குப் படம் காட்டிப் பாடம் சொல்லும் புத்தகத்தை 1658லேயே அச்சிட்டவர். அவர் பிறந்த மார்ச் 28 இங்கே ஆசிரியர் தினம். பிள்ளைகள் பள்ளிக்குப் பூ எடுத்துப் போகும் நாள். 5000 தாளில் இருப்பவர் முதல் குடியரசுத் தலைவர் மசாரிக். வண்டிக்காரர் ஒருவரின் மகன், தத்துவப் பேராசிரியர், மனைவியின் குடும்பப் பெயரான காரிக் என்பதைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். நூறு வருடத்துக்கு முந்தைய ஆண் ஒருவர் அப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இனி ஸ்லீன். பிராக் கோட்டையைப் பார்த்து முடித்ததும் ஒரு வார இறுதியை இந்த ஊருக்கு ஒதுக்குங்கள். ரயிலில் ஒட்ரொகொவிட்ஸெ வரை போய் வண்டி மாற வேண்டும். நாம் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போன பாட்டா ஷூ இங்கேதான் தொடங்கியது. இந்தியக் கம்பெனி என்று நம்மில் பாதிப்பேர் சத்தியம் செய்வோம். 1894இல் தோமாஷ் பாட்டா தன் அண்ணனோடும் அக்காவோடும் சேர்ந்து தொடங்கிய கடை அது. செருப்புத் தைக்கும் ஊரை அவர் செங்கல் வீடுகளும் பள்ளியும் மருத்துவமனையும் கொண்ட ஆலை நகரமாக மாற்றினார். 1932இல் விமான விபத்தில் இறந்தார். பிறகு பொறுப்பேற்ற தம்பி யான் அன்டோனின் காலத்தில்தான் கொல்கத்தா அருகே பாட்டாநகர் எழுந்தது. ஸ்லீனில் அவர் கட்டிய 21ஆம் எண் கட்டடத்தில் முதலாளியின் அறையே ஒரு லிஃப்ட். கைகழுவும் தொட்டி, தொலைபேசி எல்லாம் உள்ளேயே. ஊழியரைத் தன் மாடிக்கு வரவழைக்காமல் இவரே அந்தந்த மாடிக்கு அறையோடு போகும் ஏற்பாடு. இப்போது அது அரசு அலுவலகம், ஆனாலும் போய்ப் பார்க்கலாம்.

அதே ஆலையில் வேலை பார்த்த ஒரு பையனை 1941இல் கட்டாயப்படுத்தி ஓட்டப் பந்தயத்தில் நிறுத்தினார்கள். அவன் இரண்டாவதாக வந்தான். எமில் ஸாட்டோபெக். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம். அதற்குமுன் மாரத்தான் ஓடியதே இல்லை. மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. அவர் மனைவி டானாவும் அங்கே ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கினார்.

1939 நவம்பர் 17இல் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடியபோது வேலை இழந்த வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லேவும் இதே பாட்டா ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்தார். நைலான் போன்ற ‘சிலோன்’ இழையை இங்கே உருவாக்கினார். நீங்கள் கண்ணில் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் இவருக்குக் கடன்பட்டவர். 1961 கிறிஸ்துமஸ் சமயம், தன் வீட்டுச் சமையலறையில், மெர்க்கூர் என்ற உலோக விளையாட்டுப் பொருத்துக் கருவியையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து லென்ஸ் வார்க்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். காப்புரிமையை அரசு அமெரிக்காவுக்கு விற்றது. பெரும் லாபம் அங்கே போனது. மெர்க்கூர் பெட்டி இன்றும் பொம்மைக் கடையில் கிடைக்கிறது. செக் நண்பர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று முழிக்க வேண்டாம்.

இங்கேதான் முக்கியமான தேதிக்கு வருகிறோம்: 1968 ஆகஸ்ட் 21. டுப்செக்கின் சீர்திருத்தத்தை நசுக்க அன்று சோவியத் தலைமையில் வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் நாட்டுக்குள் நுழைந்தன. சீர்திருத்தம் கேட்ட ‘இரண்டாயிரம் சொற்கள்’ என்ற அறிக்கையில் விக்டர்லே, ஸாட்டோபெக், ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா மூவருமே கையெழுத்திட்டிருந்தார்கள். விக்டர்லேயின் இயக்குநர் பதவி போனது. ஸாட்டோபெக் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டு ஊர் ஊராகக் கூலி வேலை செய்தார். சாஸ்லாவ்ஸ்கா அந்த அக்டோபரில் மெக்சிகோவில் நான்கு தங்கம் வென்றார். சோவியத் கீதம் ஒலித்தபோது தலையைத் தாழ்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு பல ஆண்டுகள் அவருக்குப் பயிற்சியாளர் வேலைகூடத் தரவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய எந்தச் செக்காரர் வீட்டிலும் இப்படி ஒரு சித்தப்பா, ஒரு அத்தை கதை இருக்கும். நீங்களாகக் கிளறாதீர்கள், அவர்களாகச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். ரஷ்யாவைப் பற்றி வாட்ஸ்அப்பில் படித்ததை வைத்து வாதாடுவது மகா தவறு.

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒருவரையும் அந்த 1968 வெளியே தள்ளியது. பிராக்கில் பிறந்து, சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த கமில் சுவெலபில். சங்க இலக்கியத்தையும் சித்தர் பாடல்களையும் மேற்குலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர், நீலகிரி இருளர் மொழியை ஆராய்ந்தவர். படையெடுப்புக்குப் பின் நாட்டைவிட்டுப் போய், பிறகு நெதர்லாந்தின் உட்ரெக்டில் பேராசிரியராக இருந்தார். பிராக்கில் தமிழ்ப் படிப்பை யாரோஸ்லாவ் வாட்செக் தொடர்ந்து நடத்தினார். ‘தமிழா, அது என்ன மொழி?’ என்று யாராவது கேட்டால் இவ்விருவரின் பெயரைச் சொல்லுங்கள்.

ப்ர்னோவுக்குப் போகிறவர்களுக்கு மெண்டல் போதும். ‘மெண்ட்லாக்’ என்று உள்ளூரில் சொல்லும் சந்திப்பில் டிராம் மாறும்போது எதிரே தெரியும் மடத்தில்தான் அவர் பட்டாணி வளர்த்து மரபு விதிகளைக் கண்டார். பக்கத்திலேயே பீர் ஆலை. எங்கள் நண்பர்களுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

பிராக்கின் டெய்விட்ஸெ பகுதிக்கு ஆய்வுக்கு வருபவர்கள் வேதியியலாளர் அன்டோனின் ஹோலியின் பெயரைக் கேட்பீர்கள். எச்ஐவிக்கும் ஹெபடைடிஸ் பிக்கும் கொடுக்கும் டெனோஃபோவிர் மருந்தின் மூலக்கூறு அவர் கையில் பிறந்தது. அதை மலிவாகத் தயாரித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதில் இந்திய நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிராக் விமான நிலையத்தின் பெயரில் இருக்கும் ஹாவெல் நாடகாசிரியர். பீர் ஆலையில் பீப்பாய் உருட்டியவர், சிறையில் கிடந்தவர், 1989 டிசம்பரில் குடியரசுத் தலைவர். கம்யூனிச ஆட்சியை வீழ்த்திய 1989 புரட்சி தொடங்கிய நாளான நவம்பர் 17 மாலை பிராக்கின் நாரொட்னி தெருவுக்குப் போனால் மெழுகுவர்த்தியோடு கூட்டம் நிற்கும். நீங்களும் ஒன்று ஏற்றலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அன்று கடைகள் திறந்திருக்கும். அக்டோபர் 28இல் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் சட்டப்படி மூடியிருக்கும், ஆகவே பாலும் தயிரும் முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.