பணம் பற்றிய ஆங்கிலச் சொற்களும் மரபுத்தொடர்களும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசக் கற்க விரும்புவோர் பலர், மரபுத்தொடர்ப் பட்டியல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். செல்வக் குடும்பத்தில் பிறந்தவரை ‘வெள்ளிக் கரண்டியுடன் பிறந்தவர்’ என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்த பிறகும், தம்பியிடம் ஐந்நூறு ரூபாய் கடன் வாங்கியதைப் பிழையின்றிச் சொல்ல முடியாமல் அவர்கள் திணறுகிறார்கள். ஆகவே இங்கே வினைச்சொற்களை முன்னே வைத்து, மரபுத்தொடர்களைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் இருந்தால் போதும்.

படி 1: குறிப்பேட்டைப் பணம் நகரும் திசைப்படி பிரியுங்கள்

அகரவரிசையில் எழுதி வைக்கும் சொற்கள் தேவைப்படும் நேரத்தில் நாவுக்கு வருவதில்லை. நான்கு பக்கங்களை ஒதுக்கி, அவற்றுக்கு வரவு, செலவு, சேமிப்பு, கடன் என்று தலைப்பிடுங்கள். வரவுப் பக்கத்தில் ‘ஏர்ன்’, ‘சேலரி’, ‘வேஜ்’, ‘பென்ஷன்’, ‘இன்ஹெரிட்’ ஆகியவற்றையும், செலவுப் பக்கத்தில் ‘ஸ்பெண்ட்’, ‘பே’, ‘காஸ்ட்’, ‘அஃபோர்ட்’, ‘வேஸ்ட்’ ஆகியவற்றையும் எழுதுங்கள். சேமிப்புக்கு ‘சேவ்’, ‘டெபாசிட்’, ‘வித்ட்ரா’, ‘பேலன்ஸ்’, ‘இன்வெஸ்ட்’. கடனுக்கு ‘லெண்ட்’, ‘பாரோ’, ‘ஓ’, ‘ரீபே’, ‘டெட்’. இந்த இருபது சொற்கள் தொடக்கத்துக்குப் போதும்.

எழுதும்போதே இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் ‘சேலரி’ எனப்படும். மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ கிடைக்கும் கூலி ‘வேஜ்’ எனப்படும். கடன் என்ற பொருளுடைய ‘டெட்’ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டில் ‘பி’ (b) உண்டு, ஒலிப்பில் இல்லை. அதைப் போலவே ‘ரிசீட்’ என்ற சொல்லிலும் எழுத்தில் உள்ள ‘பி’ (p) ஒலிப்பதில்லை.

படி 2: வினைச்சொல்லை அதன் துணைச்சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள்

பெரும்பாலான பிழைகள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன என்பதால் இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். தமிழில் கடன் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாங்குகிறோம், கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் வாங்குவதற்கு ‘பாரோ’, கொடுப்பதற்கு ‘லெண்ட்’ என இரண்டு தனி வினைகள் உள்ளன. வாங்குபவர் ஒருவரிடமிருந்து வாங்குவதால் ‘பாரோ’வுடன் ‘ஃப்ரம்’ வரும்: ‘ஐ பாரோட் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் ஃப்ரம் மை பிரதர்’. கொடுப்பவர் ஒருவருக்குக் கொடுப்பதால் ‘லெண்ட்’டுடன் ‘டு’ வரும். ‘பாரோ மீ சம் மனி’ என்று கேட்டால் கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும், ஆனால் வாக்கியம் பிழை. ‘லெண்ட் மீ சம் மனி’ என்றே கேட்க வேண்டும்.

‘புத்தகத்துக்குச் செலவழித்தேன்’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்லிப் பழகியிருப்பதால், ஆங்கிலத்திலும் கை தானாக ‘ஸ்பெண்ட் ஃபார்’ என்று எழுதிவிடுகிறது. ‘ஸ்பெண்ட்’ என்ற வினை, பணம் எதற்காகப் போனதோ அந்தப் பொருளுக்கு முன் ‘ஆன்’ என்ற சொல்லையே கேட்கும். ‘பே’ சற்றுச் சிக்கலானது. ஆளுக்குக் கொடுக்கும்போதும் பில்லைக் கட்டும்போதும் இடையில் எதுவும் வராது: ‘பே த டிரைவர்’, ‘பே த பில்’. வாங்கிய பொருளைச் சொல்லும்போது மட்டும் ‘ஃபார்’ வரும்: ‘பே ஃபார் த டிக்கெட்’.

‘அஃபோர்ட்’ என்ற சொல்லுக்கு அகராதியில் நீளமான விளக்கம் இருக்கும். ‘எனக்குக் கட்டுப்படியாகாது’ என்று நாம் சொல்லும் இடத்தில் ‘ஐ கான்ட் அஃபோர்ட் இட்’ என்று சொல்லிப் பழகினால் அந்த விளக்கம் தேவைப்படாது. ‘ஓ’ என்ற வினை, தரவேண்டியிருக்கிறது என்ற முழுக் கருத்தையும் ஒரே எழுத்தொலியில் அடக்கிவிடுகிறது: ‘ஐ ஓ ஹிம் எ ஹண்ட்ரட் ருபீஸ்’. விலையைப் பொறுத்தவரை, பொருள் ‘எக்ஸ்பென்சிவ்’ ஆகவோ ‘சீப்’ ஆகவோ இருக்கும். விலை ‘ஹை’ ஆகவோ ‘லோ’ ஆகவோ இருக்கும். இந்த இரண்டையும் குழப்பி ‘த பிரைஸ் இஸ் காஸ்ட்லி’ என்று சொல்லும் வழக்கம் நம் கடைவீதிகளில் பரவலாக உண்டு. தேர்விலும் நேர்முகத்திலும் அதைத் தவிர்த்துவிடுங்கள். ‘காஸ்ட்’ என்ற வினைக்கு, இவ்வளவு விலையானது என்ற பொருளில், இறந்தகாலத்திலும் அதே வடிவம்தான். ‘மனி’ எண்ணப்படாப் பெயர் என்பதால் ‘ஹவ் மச்’ என்றே கேட்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு தொகையும் ஒருமையாகவே கொள்ளப்படும் என்பதால் ‘ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் இஸ் இனஃப்’ என்பதே சரி.

படி 3: கட்டணங்களைப் பிரித்தறியுங்கள்

கட்டணம் என்ற ஒரு சொல் தமிழில் பல இடங்களுக்குப் பொருந்தும். ஆங்கிலத்தில் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் ‘ஃபேர்’, மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் ‘ஃபீ’, சுங்கச்சாவடியில் ‘டோல்’ என்று பெயர் மாறும். வீட்டு வாடகை ‘ரெண்ட்’, அபராதம் ‘ஃபைன்’. நம் ஊரில் ‘டியூஷன்’ என்றால் மாலை நேரத் தனிவகுப்பு. அமெரிக்கக் கல்லூரியின் விண்ணப்பத்தில் அதே சொல் பெரும்பாலும் படிப்புக் கட்டணத்தைக் குறிக்கும்.

படி 4: பெருந்தொகைகளை மாற்றிப் பழகுங்கள்

10 லட்சம் ஒரு ‘மில்லியன்’, 100 கோடி ஒரு ‘பில்லியன்’, ஒரு லட்சம் கோடி ஒரு ‘டிரில்லியன்’. காற்புள்ளி இடும் இடமும் மாறும்: நாம் 10,00,000 என்று எழுதுவதை அவர்கள் 1,000,000 என்று எழுதுவார்கள். பழைய பிரிட்டிஷ் நூல்களைப் படிப்பவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே ‘பில்லியன்’ என்பது ஒரு லட்சம் கோடியைக் குறித்து வந்தது. 1974-இல்தான் பிரிட்டிஷ் அரசு தன் புள்ளிவிவரங்களில் 100 கோடி என்ற கணக்குக்கு மாறியது.

நாள்தோறும் செய்தித்தாளில் வரும் ஒரு தொகையை எடுத்து, லட்சத்திலிருந்து மில்லியனுக்கும் கோடியிலிருந்து பில்லியனுக்கும் மாற்றி உரக்கச் சொல்லுங்கள். ‘டூ ஹண்ட்ரட்’, ‘ஃபைவ் மில்லியன்’ என்று சொல்லும்போது எண்ணுப்பெயரின் இறுதியில் பன்மைக்கான ‘எஸ்’ சேர்வதில்லை.

படி 5: மரபுத்தொடர்களை நம் வழக்கோடு இணைத்து எழுதுங்கள்

இப்போதுதான் மரபுத்தொடர்களுக்கு வருகிறோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதே சூழலில் வீட்டில் நாம் என்ன சொல்வோம் என்பதை எழுதுங்கள். ‘மனி டஸ்ன்ட் குரோ ஆன் ட்ரீஸ்’ என்பதற்கு எதிரே ‘பணம் என்ன மரத்திலா காய்க்கிறது’ என்றும், ‘ஸ்பெண்ட் மனி லைக் வாட்டர்’ என்பதற்கு எதிரே ‘தண்ணீராய்ச் செலவழிக்கிறான்’ என்றும் எழுதலாம். இவ்விரண்டும் உருவகத்திலேயே ஒத்துப்போவதால் உடனே மனத்தில் பதியும். ‘டைட்டன் ஒன்ஸ் பெல்ட்’ என்று அவர்கள் இடுப்பு வாரை இறுக்கும் இடத்தில் நாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டுகிறோம். கையும் காலும் விலையாகக் கேட்கும் ‘காஸ்ட் அன் ஆர்ம் அண்ட் எ லெக்’ நமக்கு யானை விலை, குதிரை விலை. ‘பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்’ என்பதற்குக் கடுகு போன இடம் ஆராய்ந்து பூசணிக்காய் போன இடம் அறியாதவரைக் காட்டும் பழமொழி அப்படியே பொருந்துகிறது.

‘சேவ் ஃபார் எ ரெய்னி டே’ என்பதில் மழைநாள் கஷ்டகாலத்தைக் குறிக்கிறது. மழையை வேண்டிக் காத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம் என்பதால், இதற்குத் தனியாக ஒரு நட்சத்திரக் குறி இடுங்கள். வரவும் செலவும் எப்படியோ ஒட்டிப்போவது ‘மேக் எண்ட்ஸ் மீட்’. கணக்குப் புத்தகத்தில் நட்டத்தைச் சிவப்பு மையில் எழுதும் வழக்கத்திலிருந்து ‘இன் த ரெட்’ வந்தது. அதன் எதிர்ப்பதம் ‘இன் த பிளாக்’. விருந்துச் செலவு முழுவதையும் ஒருவர் ஏற்றுக்கொண்டால் ‘ஃபுட் த பில்’, அவரவர் பங்கை அவரவர் கொடுத்தால் ‘கோ டச்’.

தமிழிலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். செலவு கையைக் கடிக்கிறது என்பதை அப்படியே ஆங்கிலப்படுத்தினால், சோறிட்ட கையைக் கடிக்கும் நன்றிகெட்டவனைக் குறிக்கும் வேறொரு ஆங்கிலத் தொடரே கேட்பவர் நினைவுக்கு வரும்.

படி 6: நாணயத்தைப் பார்த்து நாட்டை அறியுங்கள்

ஒரு தொடரில் எந்த நாணயம் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் ஒரு சென்ட் ‘பென்னி’, ஐந்து ‘நிக்கல்’, பத்து ‘டைம்’, இருபத்தைந்து ‘குவார்ட்டர்’. எங்கும் மலிந்து கிடப்பதை அமெரிக்கர் ‘எ டைம் எ டசன்’ என்பர். அதையே பிரிட்டனில் ‘டென் எ பென்னி’ என்பர். பவுண்டுக்குப் பேச்சுவழக்கில் ‘குயிட்’, டாலருக்கு ‘பக்’. ‘ஃபிஃப்டி பக்ஸ்’ என்று பன்மை சேரும், ஆனால் ‘ஃபிஃப்டி குயிட்’ என்பதில் சேராது. இரு நாடுகளிலும் ஆயிரம் பேச்சில் ‘கிராண்ட்’ ஆகும்.

1971 பிப்ரவரி 15 வரை பிரிட்டனில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆகமொத்தம் 240 பென்ஸ். அந்தக் கணக்கு ஒழிந்த பிறகும் பென்னித் தொடர்கள் ஒழியவில்லை. 1957-இல் நயா பைசா வந்த பிறகும் ‘காலணாவுக்குப் பெறாதவன்’ என்ற வசை நம்மிடம் புழங்குவது போலத்தான் இதுவும். அமெரிக்காவும் 2025 நவம்பரில் புழக்கத்துக்காகப் பென்னி அடிப்பதை நிறுத்திவிட்டது. அவர்களுடைய தொடர்களும் பிழைத்துக்கொள்ளும் என்றே நினைக்கிறேன்.

நாணயப் பெயர் இருப்பதாலேயே ஒரு தொடர் பணத்தைப் பற்றியதாகிவிடாது. ‘த பென்னி டிராப்ட்’ என்றால் தாமதமாக விஷயம் விளங்கியது என்று பொருள். பிரிட்டனில் ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்பது கழிப்பறைக்குப் போவதைக் குறிக்கும் இடக்கரடக்கல். பொதுக் கழிப்பறைக் கதவைத் திறக்க ஒரு பென்னி போடவேண்டியிருந்த காலத்தின் எச்சம் அது.

படி 7: சபையறிந்து பயன்படுத்துங்கள்

பணமில்லை என்பதைச் சொல்ல மூன்று சொற்கள் உள்ளன. ‘புவர்’ வறுமையில் வாழ்பவரைக் குறிக்கும். ‘புரோக்’ நண்பர்களிடையே, இப்போதைக்குக் கையில் காசில்லை என்று சொல்வதற்கு. ‘ஸ்கின்ட்’ அதன் பிரிட்டிஷ் வடிவம். செல்வரைக் குறிக்க ‘வெல்தி’, ‘வெல் ஆஃப்’ ஆகியவை எங்கும் பொருந்தும்; ‘லோடட்’ நண்பர் வட்டத்துக்கு மட்டும், ‘ஃபில்தி ரிச்’ என்பதில் ஏளனம் கலந்திருக்கும். கற்போருக்கான அகராதிகளில் ‘இன்ஃபார்மல்’ என்ற குறிப்பு உள்ள எதையும் வங்கிக்கு எழுதும் கடிதத்தில் சேர்க்காதீர்கள். பேசுவதற்கு மூன்று நான்கு தொடர்களே போதும். மற்றவை கேட்டால் புரியும் அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

படி 8: எழுதிப் பாருங்கள்

கீழுள்ள நான்கு வாக்கியங்களை விடையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதுங்கள்: ‘அக்காவிடம் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கினேன்.’ ‘புத்தகங்களுக்கு அதிகம் செலவழிக்கிறான்.’ ‘அந்த வீடு எங்களுக்குக் கட்டுப்படியாகாது.’ ‘இந்த மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்ட வேண்டும்.’

விடைகள் வரிசைப்படி: ‘ஐ பாரோட் எ தௌசண்ட் ருபீஸ் ஃப்ரம் மை சிஸ்டர்.’ ‘ஹி ஸ்பெண்ட்ஸ் டூ மச் ஆன் புக்ஸ்.’ ‘வி கான்ட் அஃபோர்ட் தட் ஹவுஸ்.’ ‘வி ஹேவ் டு டைட்டன் அவர் பெல்ட்ஸ் திஸ் மந்த்.’ இரண்டாவதில் ‘ஃபார்’ என்று எழுதியிருந்தால் படி 2-க்குத் திரும்பிச் சென்று, வீட்டின் இந்த வாரச் செலவுகளில் ஐந்தை ‘ஸ்பெண்ட் ஆன்’ கொண்டு எழுதிவிட்டு மீண்டும் முயலுங்கள்.