ஆய்வகத்துக்கு மென்பொருள் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதியியல் ஆய்வகங்களுக்கு மென்பொருள் எழுத வரும் டெவலப்பர்கள் படிக்காமல் வருவதில்லை. செய்முறைக் குறிப்பு, பாதுகாப்புத் தாள், ஆய்வுக் கட்டுரை எல்லாம் மேசையிலேயே கிடைத்துவிடுகின்றன. ஆனால் ஒருவர் டைட்ரேஷன் (ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, வினை முடியும் இடத்தை வைத்து இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது) செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் குறைவு. தவறுகள் பெரும்பாலும் அதனால்தான் வருகின்றன.

முதலாவது, செய்முறைக் குறிப்பை புரோகிராம் மாதிரி வாசிப்பது. 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து ஒரு லிட்டராக்கினால் செறிவு 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்). கணக்கு சரிதான். ஆனால் அந்த வெள்ளை வில்லைகள் எடை போடும்போதே காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்க ஆரம்பிக்கும். கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சும். தராசு காட்டும் 4 கிராமில் உண்மையான ஹைட்ராக்சைடு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் எளிதில் ஈரம் இழுக்காத பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற உப்பை உலர்த்தி, துல்லியமாக எடை போட்டு, அதைக்கொண்டு டைட்ரேட் செய்து செறிவைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆகவே டேட்டாபேஸில் 'செறிவு' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் போதாது. தயாரிக்க நினைத்தது, அளந்து கண்டது, அளந்த தேதி என மூன்றும் வேண்டும். பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் செறிவு மாறிவிடும்.

அடுத்தது எண்கள். டைட்ரேஷனில் கரைசலைத் துளித்துளியாக விடும் பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயில் கோடுகள் 0.1 மில்லிலிட்டர் இடைவெளியில் இருக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே கண்ணால் மதிப்பிட்டு 24.30 என்று எழுதுவார்கள். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு எழுதியவர்களுக்கு இது நினைவிருக்கும். (ஒத்த அளவீடு வரவழைக்க நடந்த திருவிளையாடல்களும்தான்!) அந்தக் கடைசி பூஜ்யம் 'இவ்வளவு துல்லியமாகப் பார்த்தேன்' என்கிற தகவல். சாதாரண தசம எண் வகையான ஃப்ளோட்டாகச் சேமித்தால் 24.3 ஆகிவிடும். பூஜ்யத்தைத் தொலைக்காத டெசிமலாகவோ, எழுத்துகளாகவே வைத்திருக்கும் ஸ்ட்ரிங்காகவோ வையுங்கள்.

ஒவ்வொரு சேர்மத்துக்கும் தரப்படும் அடையாள எண்ணான சிஏஎஸ் எண்ணிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. லாக்ஸபைன் என்ற மருந்தின் எண் 1977-10-2. எக்செலில் திறந்தால் அது 1977 அக்டோபர் 2 என்ற தேதியாகிவிடக்கூடும்.

மூன்றாவது, 'மறுபடி ஓட்டினால் அதே விடை வரும்' என்ற நம்பிக்கை. எய்ட்ஸ் மருந்தான ரிட்டோனவிரில் 1998இல் திடீரென வேறொரு படிக வடிவம் தலைகாட்டியது. மூலக்கூறு அதேதான், கரைதிறன் மட்டும் மிகக் குறைவு. கேப்சூலை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு மருந்தை வேறு விதமாக வடிவமைக்க வேண்டியதாயிற்று. செய்முறையில் எந்த வரியையும் மாற்றாமலே விளைபொருள் மாறலாம். எனவே எந்த பேட்ச், எந்தக் கருவி, யார் செய்தது என்பதெல்லாம் பதிவில் இருக்கட்டும்.

அப்புறம், பழைய அளவீட்டின் மேல் புதியதை எழுதாதீர்கள். ஆய்வக நோட்டில் தவறை ஒற்றைக் கோட்டால் அடித்து, பழையது தெரியும்படி விட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடுவார்கள். மென்பொருளும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். குறிப்பு எழுதும் பெட்டியை எடுத்துவிட்டு டிராப்டவுன் போடும் ஆசையும் வேண்டாம். டைட்ரேஷன் முடிவில் வரும் நிறத்தைப் பார்த்து எழுதும் 'இளஞ்சிவப்பு அரை நிமிடத்தில் மறைந்தது' என்பதை எந்த டிராப்டவுனிலும் யாரும் முன்கூட்டியே போட்டு வைத்திருக்க மாட்டார்கள்.