சித்தப்பாவின் கார் சாவியை வாங்காதீர்கள்

கனடாவிலிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்குப் பெட்டியில் எதை வைப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வைக்காமல் போனது ஒன்றுதான்: இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட், அதாவது வெளிநாட்டில் ஓட்ட நம் லைசென்ஸோடு சேர்த்துக் காட்டும் அனுமதி. ஒன்டாரியோ லைசென்ஸ் இருக்கிறதே, வேளச்சேரிக்குள் ஓட்ட அது போதாதா என்று மெத்தனம்.

சித்தப்பாவின் காரில் நூறடி சாலையில் இடதுபுறம் திரும்பி ஏறும்போது, டொராண்டோ பழக்கத்தில் இடப்பக்கம் பார்த்தேன். பைக் வலப்பக்கமிருந்து வந்தது. ஓட்டிவந்தவருக்குக் கணுக்கால் முறிவு. தப்பு முழுக்க என்னுடையது. 108 உடனே வந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் பார்த்துக்கொண்டது, அதற்கு மட்டும் கும்பிடு.

அப்புறம் ஸ்டேஷன். மோட்டார் வாகன ஆய்வாளர் காரைப் பார்க்கும்வரை வெளியே விட மாட்டார்கள். அவர் இன்று வருவார், நாளை வருவார் என்றே நான்கு நாள் போனது. ஆர்.சி. ஜெராக்ஸ் மட்டும் மூன்று முறை கேட்டார்கள். சித்தப்பாவும் கூடவே உட்கார்ந்திருந்தார், எழுபது வயதில்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். ஒன்டாரியோ பாலிசி கனடா, அமெரிக்காவைத் தாண்டாது. இங்கே தேர்ட் பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ், கட்டாயம். காயத்துக்கும் உயிரிழப்புக்கும் உச்சவரம்பு கிடையாது, அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை. ஆனால் ஓட்டியவருக்கு இங்கே செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்றால், கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். பென்ஷனில் இருக்கும் சித்தப்பாவிடம்! லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய், ஓட்டக் கொடுத்தவருக்கும் 5,000. கார் ரிப்பேருக்குப் பாலிசியில் பைசா கிடையாது என்று கை விரித்துவிட்டார்கள். அது என் செலவு, சரி.

இரண்டாம் நாள் ராத்திரி சித்தப்பா மெதுவாக ஆரம்பித்தார். "ஆக்டிங் டிரைவர் ஓட்டினான்னு எழுதிக் குடுத்துடலாம்டா. ஒருத்தன் சம்மதிச்சிருக்கான். நீ ஞாயித்துக்கிழமை பிளைட் ஏறிடுவே, நாங்கதானே இங்க இருக்கணும்."

முடியாது என்றேன். பொய் வாக்குமூலம் தனிக் குற்றம், கண்டுபிடித்தால் கம்பெனி கழன்றுகொள்ளப் பார்க்கும் என்றெல்லாம் விளக்கினேன். அவர் கேட்டது அதுவல்ல என்று எனக்கும் தெரியும். அப்பாவை வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனது இந்தக் கார்தான், ஓட்டியது சித்தப்பா.

நீங்கள் போனால் நாள் கூலிக்கு வந்து ஓட்டும் ஆக்டிங் டிரைவர் ஒருவரை முன்னாலேயே கூப்பிடுங்கள். ஓட்டியே தீருவேன் என்றால் பர்மிட்டை எடுத்துக்கொண்டு, பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைத் தொடுங்கள்.

எனக்காக வக்கீல் ஆஜராக வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். சம்மன் வேளச்சேரி முகவரிக்குத்தான் வரும். வந்துவிட்டதா என்று கேட்க போன் செய்தால் சித்திதான் எடுக்கிறார்.