"நாளைக்கு வர வேணாம்" என்று சொன்னால்

இலங்கையில் வேலையை விட்டு நிறுத்தும்போது பெரும்பாலும் யாரும் காகிதம் தருவதில்லை. தேயிலைத் தோட்டம் என்றால் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில், பெயர் போட மாட்டார்கள், ஹட்டன் டவுனில் கடை என்றால் முதலாளி கல்லாவில் இருந்தபடியே "நாளைக்கு வர வேணாம்" என்பார், நாமும் ரோஷத்தோடு வீட்டுக்கு வந்து படுத்துவிடுவோம். அங்கேயே பாதி வழக்கு போய்விடும். வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் (Labour Tribunal) முதலாளி "நான் நிறுத்தவே இல்லை, அவர்தான் வேலையைக் கைவிட்டுப் போனார்" என்பார். நிறுத்தியதை ஒத்துக்கொண்டால் அது நியாயம் என்று காட்டுவது முதலாளியின் பாடு. அவர் மறுத்துவிட்டால், நிறுத்தினார்கள் என்பதை நிரூபிப்பது நம் தலையில்.

அதனால் மறுநாளும் வழக்கமான நேரத்துக்குப் போங்கள், முடிந்தால் துணைக்கு ஓர் ஆளோடு. உள்ளே விடாவிட்டால் சண்டை வேண்டாம், நேரே தபால் கந்தோர். நாலு வரி போதும்: இன்ன திகதி வேலைக்கு வந்தேன், இன்னார் திருப்பி அனுப்பினார், வேலை செய்யத் தயார், நிறுத்தியிருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தங்கச்சியைத் துணிக்கடையில் நிறுத்தியபோது இப்படித்தான் எழுதினோம். பதிவுத் தபாலுக்குக் கந்தோரில் தந்த பற்றுச்சீட்டுத் துண்டை அம்மா பழைய டொபி டின்னில் போட்டு வைத்திருந்தார். கடைக்காரர் "அவளே போய்விட்டாள்" என்றபோது கையில் இருந்தது அந்தத் துண்டு மட்டும்தான்.

அப்புறம், "கணக்கு முடிக்க" என்று நீட்டும் எதிலும் வாசிக்காமல் கையெழுத்து வேண்டாம். சிங்களத்தில் இருப்பது ராஜினாமாக் கடிதமாகவும் இருக்கலாம்.

சரி, எதற்கு நிறுத்தலாம்? களவு, அடிதடி, சொல்லாமல் திரும்பத் திரும்ப வராமல் இருப்பது எல்லாம் உண்மையென்றால் காரணம்தான், ஆனால் விளக்கம் கேட்காமல் அன்றைக்கே விரட்டியிருந்தால் அதையும் சபையில் சொல்லுங்கள். கர்ப்பம், தொழிற்சங்கத்தில் சேர்ந்தது இரண்டும் காரணமே அல்ல. "வியாபாரம் இல்லை, ஆள் கூட" என்பதற்கு 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது: 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை நிறுத்த அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். ஒழுக்கக் குற்றத்துக்கு நிறுத்தினாலும் இரண்டு வேலை நாளுக்குள் காரணத்தை எழுதித் தர வேண்டும். நாலு பேர் வேலை செய்யும் சின்னக் கடைக்கு இந்தச் சட்டம் வராது, ஆனாலும் நியாய சபைக்குப் போகத் தடை இல்லை.

நியாய சபைக்கு விண்ணப்பம் போட நிறுத்திய நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம். நீங்களே போடலாம், சங்கமும் உங்களுக்காகப் போடலாம். சங்கத் தலைவர் "துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்லும் நாட்களும் அந்த 6 மாதத்தில்தான் கழியும், அவரை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வென்றால் திரும்ப வேலையோ நட்டஈடோ கிடைக்கலாம்.

ஊழியர் சேமலாப நிதி (EPF) இந்த வழக்கில் சேராது, வேலை போனாலும் அது உங்கள் காசு. 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருஷம் முடித்திருந்தால் பணிக்கொடையும் (gratuity) கேளுங்கள்: நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், மாதச் சம்பளக்காரருக்கு அரை மாதச் சம்பளம்.