திறந்த ஸ்பார்க்ளிங் வைனில் கேஸ் போகாமல் வைக்க

கிறிஸ்துமஸ், புது வருஷம் என்று ஒரு பாட்டில் ஸ்பார்க்ளிங் வைன், அதாவது ஷாம்பெயின் மாதிரி குமிழி விடும் வைன், திறந்தால் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பாதி பாட்டில் மிஞ்சத்தான் செய்யும், வீட்டில் குடிக்கிறவர்களே இரண்டு பேர்தான். அதை மேசை மேலேயே விட்டுவிட்டு மறுநாள் எடுத்தால் வெறும் புளிப்புத் தண்ணி.

முதல் வேலை குளிர், மூடி அப்புறம்தான். திரவம் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வேகமாக வெளியேறும், நம்ம ஊர் வெக்கையில் சொல்லவே வேண்டாம். அதனால் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே பாட்டிலை ஐஸில் வையுங்கள். வெறும் ஐஸ் கட்டி போதாது, தண்ணீரும் சேர்த்து ஊற்றினால்தான் பாட்டிலைச் சுற்றி ஒட்டி நின்று சீக்கிரம் குளிரவைக்கும். மீன் ஏற்றுகிற தெர்மோகோல் பெட்டி இருந்தால் அதுவே போதும், ராத்திரி கரண்ட் போனாலும் கவலையில்லை, ஆனால் நன்றாகக் கழுவிய பெட்டியாக இருக்கட்டும், இல்லையென்றால் கிளாஸில் ஊற்றும்போது கவிச்சி அடிக்கும்.

மூடிக்கு வருவோம். வெளியே வந்த கார்க் காளான் மாதிரி விரிந்துவிடும், திரும்ப நுழையாது. இரண்டு பக்கமும் மடங்கி பாட்டில் கழுத்தைக் கவ்விப் பிடிக்கிற ஷாம்பெயின் ஸ்டாப்பர் என்றே தனியாக விற்கிறார்கள், ஒன்று வாங்கிப் போடுங்கள். திறக்காத ஷாம்பெயின் பாட்டிலுக்குள் 5, 6 அட்மாஸ்பியர் அழுத்தம் இருக்கும், கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பாதி காலியான பிறகும் சும்மா செருகிய ரப்பர் மூடியைத் தள்ளிவிட அதில் தெம்பு உண்டு. சாதா வைனுக்கு விற்கிற காற்று உறிஞ்சும் பம்பைத் தொடவே தொடாதீர்கள், அது நாம் காப்பாற்ற நினைக்கிற கேஸையே உறிஞ்சி எடுத்துவிடும்.

ஸ்டாப்பர் கிடைக்கவில்லையா, சோடா வந்த சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவி, ஃபிரிட்ஜில் குளிரவைத்து, சாய்த்துப் பிடித்து ஓரமாக மெதுவாக ஊற்றி கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். ஊற்றும்போது கொஞ்சம் கேஸ் போகும், பரவாயில்லை, மேலே காலி இடம் குறைவாக இருப்பதால் மீதி தங்கும். பாட்டிலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுகிற பழக்கம் வேண்டாம், நசுங்கிய பாட்டில் பழையபடி விரியும், அந்த இடத்தை நிரப்ப வைனிலிருந்து இன்னும் கேஸ் கிளம்பும். கண்ணாடித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றவே கூடாது, வெடிக்கலாம்.

பாட்டில் வாயில் வெள்ளி ஸ்பூனைத் தொங்கவிட்டால் நுரை நிற்கும் என்பது சும்மா கதை. உலர்திராட்சை போட்டால் குமிழி திரும்பும் என்பதும் அப்படித்தான், அதன் சுருக்கங்களில் குமிழி கிளம்புமே தவிர புதிதாக ஒன்றும் வராது, இருக்கிறதும் சீக்கிரம் தீரும்.

ஃபிரிட்ஜில் நிமிர்த்தி, உள்பக்கமாக வையுங்கள். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் குலுங்கும். ஃபிரீசரில் வைத்து மறந்தால் உறைந்து பாட்டில் விரிசல் விடும். இப்படி வைத்தால் இரண்டு, மூன்று நாள் ஓடும்.

அதற்குமேல் கேஸ் போய்விட்டால் பூண்டு, மிளகு போட்டு இறால் வதக்கும்போது கால் டம்ளர் ஊற்றி வற்றவிடுங்கள். வைனிலேயே புளிப்பு உண்டு, எலுமிச்சை பிழிய வேண்டியதில்லை.